குடை மாமாவின் நெற்றி

குடை மாமா நின்றுபோன அன்று பேப்பரில் அந்த இடத்தில் ஒரு துணி சோப்பு விளம்பரம் வந்தது. அளவு கனகச்சிதமாகப் பொருந்தியிருந்தது. மூன்று கட்டம், இரண்டு பத்தி அகலம், பதினோரு வருஷம் என் உயிரை வாங்கிய இடம் அது. மாமாவை ஏன் காணோம் என்று கேட்டு எவராவது ஆசிரியருக்கு ஒரு கார்டு போட்டிருப்பார், அதை எனக்கு அனுப்பிவைப்பார்கள் என்று ஒரு மாதம் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதுவும் வரவில்லை. சோப்பு நன்றாக விற்றிருக்கும்.

நான் காஞ்சிபுரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் டிராயிங் மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டருக்கு என்ன மரியாதை என்பதை இன்னொரு டிராயிங் மாஸ்டரிடம்தான் கேட்க வேண்டும். பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் என் பீரியடைக் கேட்காமலே எடுத்துக்கொள்வார். ஆண்டு விழாவுக்குத் துணியில் எழுத மட்டும் "மாஸ்டர், மாஸ்டர்" என்று தேடிக்கொண்டு வருவார்கள். அறுபதுகளின் நடுவில் சென்னை நாளிதழ் ஒன்று என் குடை மாமா படத்தொடரை எடுத்துக்கொண்டபோதுதான் நான் அந்தப் பள்ளி வராந்தாவில் நிமிர்ந்து நடந்தேன். தலைமையாசிரியர் எனக்கு நாற்காலி போட்டார். கணக்கு வாத்தியார் பீரியடைக் கேட்டு வாங்கினார். இதற்காகவா இத்தனை பாடு என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

தினமும் சாயங்காலம் பள்ளி விட்டதும் உட்கார்ந்து மூன்று கட்டம் வரைவேன். மறுநாள் காலை மை போட்டு, இரண்டு அட்டைக்கு நடுவே வைத்துக் கட்டி, சென்னை பஸ் கண்டக்டரிடம் கொடுப்பேன். பாரிமுனையில் பத்திரிகை ஆபீஸ் பியூன் வந்து வாங்கிக்கொள்வார். கண்டக்டர் அட்டையைச் சும்மா கொண்டுபோகிற ஆள் இல்லை. நூலைத் தளர்த்தி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பையில் வைப்பார்.

"இன்னா சார், மாமா இன்னிக்கு எங்க போயி மாட்டிக்கினாரு?"

அவர் சிரித்தால் எனக்கு அன்றைய பொழுது நன்றாகப் போகும். பதினோரு வருஷத்தில் என் எதிரே என் படத்தைப் பார்த்துச் சிரித்தவர் அநேகமாக அவர் ஒருவர்தான்.

குடை மாமா யார் என்று கேட்பவர்களிடம் வெறும் கற்பனை என்று சொல்லுவேன். பொய். குடை மாமா என் அப்பா.

அப்பா முனிசிபாலிட்டியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா நான் படிக்கிற காலத்திலேயே போய்விட்டாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சின்னக் காஞ்சிபுரத்து வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், சமையல் அப்பா. ரேஷன் கடை வரிசையில் "நீங்க முன்னாடி போங்கோ" என்று எல்லாரையும் விட்டுவிட்டு, கடை மூடியதும் காலிப் பையோடு வந்து நிற்பார். மழை வந்தால் குடை நனைந்துவிடும் என்று அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தான் நனைந்து வருவார். இதெல்லாம் நான் சாயங்காலம் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த ஹாஸ்யம் என்று பேப்பர் படித்தவர்கள் நம்பினார்கள். நான் அப்பாவுக்குக் கதவைத் திறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

குடுமியும் நாமமும் அப்படியே வைத்தேன். அந்தக் காலத்தில் குடுமியையும் நாமத்தையும் வரைந்துவிட்டாலே பாதிச் சிரிப்பு வந்துவிடும். மேடையில் அதை விற்றார்கள், சினிமாவில் அதை விற்றார்கள். நானும் விற்றேன். மற்றவர்கள் யார் யார் நெற்றியையோ விற்றார்கள், நான் எங்கள் வீட்டு நெற்றியையே எடுத்துக்கொண்டு போனேன்.

அப்பாவுக்குத் தெரியாதா? பேப்பர் வந்ததும் மாமா இருக்கும் பக்கத்தை உள்ளே மடித்துவைத்துவிட்டு, மற்றது எல்லாவற்றையும் படிப்பார். சந்தை நிலவரம் வரை படிப்பார். கடைசியில் மடிப்பைப் பிரித்து, கண்ணாடியைக் கழற்றித் தூரப் பிடித்துக்கொண்டு அந்த மூன்று கட்டத்தைப் பார்ப்பார். ஒன்றும் சொல்லமாட்டார். தெருவில் பயல்கள் "குடை மாமா வர்றாரு" என்று கூவினால்கூட வீட்டில் வந்து ஒரு வார்த்தை கிடையாது. ஒரே ஒருதடவை, முதல் மாதத்தில், என் மேஜையில் காபியை வைத்துவிட்டுச் சொன்னார்:

"கேலி பண்றதைப் பண்ணிக்கோ. திருமண்ணை மட்டும் சரியாப் போடு."

நாமம் என்று அவர் வாயில் வராது. திருமண்தான். நாமம் போடுவது என்றால் ஊர்ப் பேச்சில் ஏமாற்றுவது அல்லவா?

சரியாகப் போடுவது என்றால் என்ன என்பது எங்கள் பேட்டையில் குழந்தைக்குக்கூடத் தெரியும். வடகலைக்காரர்களாகிய எங்கள் திருமண் புருவத்துக்கு நடுவே வளைந்து 'ப' எழுத்தைப் போல நிற்கும். தென்கலை வீடுகளில் அதற்குக் கீழே மூக்கின் மேல் ஒரு சின்னப் பாதம் இறங்கும். வித்தியாசம் ஒரு நெல் நீளம்கூட இருக்காது. அந்த ஒரு நெல்லுக்காக நாள் கணக்கில் பேசாமல் இருந்தவர்கள், பெண் கொடுக்காதவர்கள், கோர்ட்டு வரை போனவர்கள் எல்லாரும் எங்களுக்குத் தெரிந்தவர்கள்தான். ஒரே பெருமாள், ஒரே பாசுரம், எல்லாம் ஒன்று. மூக்கு மட்டும் வேறு.

அப்பாவுக்கு உலகத்தில் உடைமை என்று ஒன்று இருந்தால் அது எங்கள் தெருக்கோடியில் இருந்த சின்ன சந்நிதியில் காலை கோஷ்டியில் அவர் நிற்கும் இடம். இரண்டு வரிசையாக எதிரும் புதிருமாக நிற்பார்கள். ஒரு வரிசை பாசுரத்தின் முன்பாதியைச் சொல்லும், எதிர் வரிசை பின்பாதியைச் சொல்லும். அப்பா முன்பாதி வரிசையில் மூன்றாவது ஆள். காய்ச்சல் வந்தாலும் போவார். முடிந்ததும் தொன்னையில் பொங்கலோ தயிர்சாதமோ வாங்கிக்கொண்டு வந்து எனக்குக் கொடுப்பார். பள்ளிக்கூடம் போகும் வாத்தியார் வெறும் வயிற்றோடு போகக்கூடாதாம்.

ஐந்தாவது வருஷத்தில் பத்திரிகை ஆபீஸில் தொடரின் தலைப்புக்குப் புது பிளாக் செய்தார்கள். தலைப்பு எழுத்துக்குப் பக்கத்தில் மாமாவின் முகம் மட்டும் தினமும் ஒரே மாதிரி வரும். அதற்குத் துத்தநாகத்தில் ஒரு பிளாக் செய்து வைத்துக்கொண்டால் வருஷக்கணக்கில் ஓடும். பழையது தேய்ந்துவிட்டது. புதியது வந்த அன்று பேப்பரைப் பார்த்தேன். மாமாவின் மூக்கின் மேல் ஒரு பாதம் இறங்கியிருந்தது.

கீழே கட்டங்களுக்குள் நான் வரைந்த மாமா வடகலை. மேலே தலைப்பில் இருக்கும் மாமா தென்கலை. ஒரே மனிதர், ஒரே பேப்பர், விரற்கடை தூரம்.

அன்றைக்கு அப்பா மடிப்பைப் பிரித்தார், தூரப் பிடித்தார், கிட்டே பிடித்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு பேப்பரை முன்பு இருந்ததைவிட ஒழுங்காக மடித்து வைத்தார்.

ஆபீஸுக்குக் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. பாதம் தினமும் வந்தது. தெருவில் முதலில் சிரித்தார்கள். "உங்க அப்பா தலைப்புல ஒரு கட்சி, கட்டத்துல ஒரு கட்சியா?" என்றார்கள். இரண்டு கட்சியிலும் சிரிப்பு சீக்கிரம் நின்றது. எங்கள் வீடு கட்சி மாறத் தயாராகிறது என்று ஒரு பக்கம் சொன்னார்கள். தங்கள் பாதத்தை ஒரு கோமாளி நெற்றியில் வைத்துக் கேலி செய்கிறான் என்று இன்னொரு பக்கம் சொன்னார்கள். இரண்டு பக்கமும் ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தன: பையன் வேண்டுமென்றேதான் செய்கிறான். ஒரு தவறு தவறாகவே நடந்திருக்கும் என்று நம்ப எங்கள் பேட்டையில் ஆள் கிடையாது.

ஒருநாள் காலை அப்பா தொன்னை இல்லாமல் வந்தார். கோஷ்டியில் முன்னால் நிற்கும் பெரியவர், எல்லார் எதிரேயும், பேப்பரில் சரியாகும்வரை கொஞ்ச நாள் நிற்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அப்பா வரிசையை விட்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றார். அந்தத் திருமண்ணைத் தவிர, அதற்கு முன் என்னிடம் அவர் எதையும் கேட்டதில்லை.

"புது பிளாக் வர்ற வரைக்கும் வரையாம இருடா. ஒரு வாரம், பத்து நாள்."

"தினசரிப் பேப்பர்பா. ஒரு நாள் விட்டாலே இடம் போயிடும்."

"எனக்கும் அப்படித்தான்டா. ஒரு நாள் விட்டா இடம் போயிடும்."

அவர் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். நான் அன்று சாயங்காலமும் மூன்று கட்டம் வரைந்து, அட்டையில் கட்டி, மறுநாள் கண்டக்டரிடம் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குப் போனேன். பிளாக் செய்பவரைத் தேடிப் பிடித்தேன். நல்ல மனிதர். கையெல்லாம் ஆசிட் கறை. என்னைப் பார்த்ததில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம், மாமாவை அவருக்கு ரொம்பப் பிடிக்குமாம்.

"கோடு கீழ வரைக்கும் வராம நின்னுபோச்சு சார். நீங்க அவசரத்துல வுட்டுட்டீங்கன்னு நெனச்சேன். எங்க பேட்டை கோயில்ல சாமிக்கு இப்படித்தான் இருக்குது, அதைப் பாத்து நானே முடிச்சுட்டேன். நல்லா வந்துக்குது இல்ல?"

இவர்மேல் எப்படிக் கோபப்படுவது? பக்தியோடு செய்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். அவருக்குப் பாதி புரிந்தது. "இப்பவே செதுக்கிடறேன் சார்" என்று உளியை எடுத்தார். பாதம் போயிற்று. அதோடு வளைவும் போயிற்று. மறுநாள் பேப்பரில் மாமாவின் நெற்றியில் இரண்டு கம்பம் மட்டும் தனித்தனியாக நின்றன. என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கரும்பலகையில் ஒரு முகத்தை வரைந்து நெற்றியில் பதினொன்று என்று எழுதிவைத்திருந்தார்கள். நான் வரைந்ததைவிட நன்றாகவே இருந்தது.

இதற்குள் இரண்டு கட்சியிலிருந்தும் ஆசிரியருக்குக் கடிதங்கள் போயிருந்தன. அவர் என்னை வரச் சொன்னார். மேஜையில் கடிதங்களை இரண்டு குவியலாகப் பிரித்து வைத்திருந்தார். நான் முழுவதையும் சொன்னேன். மாமா என் அப்பா என்பதையும், கோஷ்டியில் அவர் இடம் போய்விட்டதையும், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"கடைசியிலே சொந்த அப்பாவுக்கே நாமம் போட்டுட்டீங்களே!"

தன் ஹாஸ்யம் அவருக்கே பிடித்துப்போய், பக்கத்து மேஜைக்காரரிடம் திரும்பி இன்னொரு தரம் சொன்னார். பிறகு கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துக் கூடையில் போட்டார்.

"நெத்தியைக் காலியா விட்டுடுங்க சார். யாருக்கும் வம்பில்லே. கஷ்டமா இருந்தா சொல்லுங்க, இங்கேயே ஒரு ஆர்டிஸ்ட் இருக்கார், அவர் போட்டுக் கொடுப்பார்."

மாமா பத்திரிகையின் சொத்து என்று ஆரம்பத்திலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். என் அப்பாவை நான் எழுதிக் கொடுத்திருந்தேன் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் யோசித்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. யோசிக்கவில்லை. பள்ளி வராந்தா ஞாபகம் வந்தது. தலைமையாசிரியர் போட்ட நாற்காலி ஞாபகம் வந்தது. அந்த நாற்காலியை மறுபடி எடுத்துவிடுவார்களே என்று பயந்தேன். வீட்டுக்கு வந்ததும், அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், புதுத் தலைப்பு முகம் ஒன்று வரைந்தேன். குடை, குடுமி, கோணல் மூக்கு எல்லாம் இருந்தன. நெற்றி வெறுமையாக இருந்தது. அன்றிலிருந்து கட்டங்களிலும் அப்படியே வரைந்தேன்.

அது அச்சாகி வந்த காலையில் அப்பா மடிப்பைப் பிரித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"பாழ் நெத்தி" என்றார்.

எங்கள் வீடுகளில் குழந்தையைத் திட்டுகிற வார்த்தை அது. குளித்துவிட்டு நெற்றிக்கு இட்டுக்கொள்ளாமல் சாப்பிட உட்கார்ந்தால் சொல்வார்கள். நான் அன்றைய அட்டைக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தேன். அவரே மேலும் சொன்னார்:

"பொணத்துக்குக்கூடத் திருமண் இட்டுத்தான்டா தூக்குவா."

அந்த வாரமே கோஷ்டிப் பெரியவர் ஆள் அனுப்பினார். இப்போது பேப்பரில் இருப்பது எந்தக் கட்சியும் இல்லை, யாரோ ஒரு ஆசாமி, இனி வரலாம் என்று. அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது. வந்தவரிடம் அப்பா சொன்னது அடுத்த அறையில் எனக்குக் கேட்டது.

"நெத்தி பாழா இருக்கறவன் கோஷ்டியில நிக்கப்படாது ஓய்."

"அது படம்தானே ஸ்வாமி? உமக்கென்ன?"

"அது நான்தான்."

ஐந்து வருஷம் வாயைத் திறக்காத மனிதர் அன்று அதை ஒப்புக்கொண்டார். அதுவும் எந்த முகத்தை? நான் துடைத்துவிட்ட முகத்தை. எழுந்து போய்க் காலில் விழுந்திருக்கலாம். அன்றைய மூன்றாவது கட்டத்தில் மை காயவில்லை என்று உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகு அப்பா சந்நிதிக்குப் போகவில்லை. காலையில் குளித்துத் திருமண் இட்டுக்கொண்டு கூடத்தில் நிற்பார், கோயில் இருக்கும் திசையைப் பார்த்து. பாசுரத்தின் முன்பாதியைச் சொல்வார். நிறுத்துவார். எதிர் வரிசை பின்பாதியைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு நிற்பார். அப்புறம் அடுத்த பாட்டின் முன்பாதி. பின்பாதியும் அவருக்குத் தெரியும். ஆனால் அது அவர் வரிசை அல்லவே? நாலு வருஷம், தினம் தினம், அந்த இடைவெளியை விட்டு விட்டுச் சொன்னார். சுவருக்குக்கூடச் சங்கடமாக இருந்திருக்கும். எனக்கு மட்டும் வேலை ஓடியது. முடித்ததும் காபி கலந்து என் மேஜையில் கொண்டுவந்து வைப்பார். அதை ஒரு நாளும் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

பேப்பரிலோ, மாமாவின் நெற்றி காலியானதைப் பற்றி ஒரு கடிதமும் வரவில்லை. பாதத்துக்கு அத்தனை கடிதம், இரண்டு கம்பத்துக்கு அத்தனை கடிதம். ஒன்றுமே இல்லாததற்கு எவரும் எழுதவில்லை. கண்டக்டர் ஒருநாள் அட்டையை எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா முகத்துல என்னாவோ கொறையுது சார், இன்னான்னு தெரியல" என்றார். அவரும் அதோடு விட்டுவிட்டார்.

அப்பா ஒரு மார்கழிக் காலையில் கூடத்திலேயே சாய்ந்தார். அப்புறமும் இரண்டு வருஷம் நான் மாமாவை வரைந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சோப்புக்காரன் வந்து என்னை நிறுத்தினான், நானாக நிறுத்தவில்லை.

அப்பா போன அன்று அவரைக் குளிப்பாட்டி முடித்ததும் திருமண்ணைக் குழைத்து என் கையில் கொடுத்தார்கள். பிள்ளைதான் இட வேண்டும். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். கோஷ்டிக்காரர்களும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அடியில பாத்துப் போடுடா" என்றார் சித்தப்பா மெதுவாக. "வளைவு மட்டும். பழக்க தோஷத்துல…"

என்ன பழக்கம் என்று அவர் சொல்லி முடிக்கவில்லை. அவர் பயந்தது பாதத்துக்கு. என் கைப் பழக்கம் அதுவல்ல. அந்த முகத்தை நாலு வருஷமாகத் தினமும் மூன்று தடவை வரைந்த கை, புருவத்தைத் தாண்டியதும் நேரே குடுமிக்குப் போய்த்தான் பழகியிருந்தது. நெற்றியில் கோடு வைக்க அதற்குத் தெரியவில்லை. இரண்டு தடவை தொட்டு எடுத்தேன். மூன்றாவது தடவை வளைவு கோணலாக வந்தது. சித்தப்பா என் கையைப் பிடித்து நேர் செய்தார். டிராயிங் மாஸ்டர் கையை.

பிறகு தெருவில் பாடையின் இரண்டு பக்கமும் கோஷ்டி வரிசையாக நின்றது. அப்பாவின் பழைய இடத்தில், மூன்றாவதாக, வேறொருவர் நின்றார். முன்பாதியை ஒரு வரிசை சொன்னது. அது முடிவதற்குள் பின்பாதியை எதிர் வரிசை எடுத்துக்கொண்டது. இடைவெளியே இல்லை. நாலு வருஷமாக இடைவெளியோடே கேட்டு, இப்படித்தான் சொல்வார்கள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

பின்பாதி எனக்கும் தெரியும். சிறு வயதிலிருந்தே மனப்பாடம். அடுத்த அறையில் உட்கார்ந்திருந்த நாலு வருஷமும், அவர் நிறுத்திய ஒவ்வொரு தடவையும், மனசுக்குள் அது தானாக ஓடியது. ஒரு நாளும் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.